கசாண்ட்ராவில் மெமரி தீர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது: யாருடைய மெமரி?

கசாண்ட்ரா டேட்டாபேஸ் பல சர்வர்களில் பரவி ஓடும். அதில் ஒரு சர்வர், அதாவது ஒரு நோட், விழுந்தால் எங்கள் அலுவலகத்தில் முதலில் வரும் யோசனை ரேமைக் கூட்டுவதுதான். 16 ஜிபியை 32 ஆக்கு, 32-ஐ 64 ஆக்கு. கிளவுடில் ஒரு கிளிக்கில் முடிகிற வேலை என்பதால் யாரும் மறுப்பதும் இல்லை. கொஞ்ச நாள் அமைதியாக ஓடும். அப்புறம் அதே நோட், அதே நேரம், அதே பிழை. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு ஓர் எண்ணம் உறுதியாகிவிட்டது: மெமரி தீர்ந்து செத்துப்போவது ஒரு புராசஸ், அதைத் தின்று தீர்த்தது பல நேரங்களில் இன்னொன்று. அந்த இன்னொன்றை நம் அப்ளிகேஷனுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்து டேட்டாபேஸோடு பேசும் டிரைவர் லைப்ரரியில்தான் அடிக்கடி கண்டுபிடித்திருக்கிறேன்.

நாங்கள் செய்வது வண்டிகளின் ஜிபிஎஸ் தரவைச் சேமித்து வைக்கும் வேலை. லாரி, டேங்கர், பள்ளிப் பேருந்து என்று எல்லாமே 10 விநாடிக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். எழுதுவது மிக அதிகம், படிப்பது குறைவு. இதற்குக் கசாண்ட்ரா பொருத்தமான டேட்டாபேஸ். ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸ் தேடலுக்காக உருவாகி 2008-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனதிலிருந்தே எழுதும் வேகம்தான் அதன் பலம். எங்களிடம் ஓடியது 3.11 பதிப்பு. அதோடு பேசும் சேவைகளில் பெரும்பாலானவை ஜாவா, சில பைத்தான்.

இரண்டு பக்கமும் ஜாவா என்பதே ஒரு தலைவலி. கசாண்ட்ராவும் ஜாவாவில் எழுதப்பட்டதுதான். எல்லா லாகும் ஒரே இடத்தில் வந்து குவியும்போது 'அவுட் ஆஃப் மெமரி எரர்' என்ற வரி மட்டும் சிவப்பாகக் கண்ணில் படும். கத்துவது சர்வரா கிளையன்டா என்பது பக்கத்தில் இருக்கும் ஹோஸ்ட் பெயரைப் பார்த்தால்தான் தெரியும். நடுராத்திரி போனில் "டிபி போச்சு ப்ரோ, ரேம் ஏத்தட்டுமா?" என்று கேட்பவர் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எனவே நான் முதலில் கேட்பது அதைத்தான்.

செத்தது யார் என்று தெரிந்ததும் எப்படிச் செத்தது என்று பார்ப்பேன். ஹீப் (ஜாவா தன் பொருள்களை வைக்கும் மெமரிப் பகுதி) நிறைந்து, ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் தானே பிழையை எறிந்திருந்தால் ஹீப் டம்ப், அதாவது அந்த மெமரியின் நகல், கோப்பாகக் கிடைக்கும். கசாண்ட்ரா அந்த ஆப்ஷனை இயல்பாகவே போட்டு வைத்திருக்கிறது. (டம்ப் எங்கே விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். 8 ஜிபி கோப்பு தவறான டிஸ்கில் விழுந்து அதையும் நிரப்பினால் ஒரே ராத்திரியில் இரண்டு பிரச்சினை.) மெமரி போதாமல் லினக்ஸ் கெர்னலே கொன்றிருந்தால் டம்ப்பும் இருக்காது, பிழைச் செய்தியும் இருக்காது. லாக் ஏதோ ஒரு சாதாரண வரியோடு நின்றிருக்கும். கெர்னலின் லாகைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) அடித்துப் பார்த்தால் ஜாவா புராசஸைக் கொன்ற குறிப்பு அங்கே கிடக்கும். கன்டெய்னர் என்றால் எக்ஸிட் கோட் 137. அதாவது 128-உடன் கொல்லும் சிக்னலான 9-ஐக் கூட்டியது.

இந்த இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். ஹீப் நிறைந்தது என்றால் ஹீப்பைக் கூட்டுவதில் கொஞ்சமாவது அர்த்தம் உண்டு. கெர்னல் கொன்றதற்கு ஹீப்பைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் சாகும். மொத்த இடம் அதேதான், ஹீப்புக்கு வெளியே மிச்சமிருப்பது குறைகிறது. கசாண்ட்ரா அந்த வெளியிடத்தையும் நிறையப் பயன்படுத்தும். புளூம் ஃபில்டர், கம்ப்ரஷன் விவரங்கள், ஃபைல் கேஷ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

குபெர்னெடிஸில் டெஸ்ட் கிளஸ்டர் ஒன்று போட்டபோது இதன் சுத்தமான உதாரணம் கிடைத்தது. பாடுக்கு (pod, கன்டெய்னர் ஓடும் பெட்டி) 4 ஜிபி வரம்பு. கன்டெய்னர் எழும், நாலு வரி லாக் எழுதும், 137-இல் விழும். மறுபடி எழும், மறுபடி விழும். ஹீப் அளவை யாரும் கையால் கொடுக்கவில்லை, கசாண்ட்ராவே கணக்கிடட்டும் என்று விட்டிருந்தார்கள். அந்தக் கணக்கைப் போடுவது தொடக்க ஸ்கிரிப்டில் இருக்கும் சில வரிகள். 'ஃப்ரீ' கமாண்டை ஓட்டி மொத்த ரேமைத் தெரிந்துகொள்ளும். அதில் பாதியை 1 ஜிபிக்கு மிகாமலும், கால் பங்கை 8 ஜிபிக்கு மிகாமலும் எடுத்து, இரண்டில் பெரியதை ஹீப்பாக வைக்கும். சிக்கல் என்னவென்றால், கன்டெய்னருக்குள் 'ஃப்ரீ' அடித்தாலும் அது காட்டுவது வெளியே இருக்கும் மெஷினின் ரேமை. மெஷினுக்கு 64 ஜிபி. கால் பங்கு 16, உச்சவரம்பு 8, ஆக 4 ஜிபி பெட்டிக்குள் 8 ஜிபி ஹீப்.

அதுவும் தொடங்கிய உடனேயே சாவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கசாண்ட்ராவின் ஜேவிஎம் அமைப்பில் 'ஆல்வேஸ் பிரீடச்' போடப்பட்டிருக்கிறது. ஹீப் முழுவதையும் தொடக்கத்திலேயே ஒருமுறை தொட்டு, நிஜ மெமரியாக்கிக்கொள்ளும் ஆப்ஷன் அது. புரொடக்‌ஷனுக்கு நல்லது. இங்கே 4 ஜிபியைத் தொட்ட கணத்தில் கெர்னல் கழுத்தைப் பிடித்துவிட்டது. ஜாவா 8-இல் 191-ஆவது அப்டேட்டிலிருந்து ஜேவிஎம்முக்குக் கன்டெய்னர் வரம்பு புரியும், அதனால் இந்தப் பிரச்சினை வராது என்று டீமில் ஒருவர் வாதிட்டார். ஜேவிஎம்முக்குப் புரியும்தான். ஆனால் இங்கே அளவைத் தீர்மானித்து ஜேவிஎம்மிடம் கொடுப்பது ஷெல் ஸ்கிரிப்ட். கன்டெய்னரில் கசாண்ட்ரா ஓட்டுகிறீர்கள் என்றால் ஹீப் அளவைக் கையால் கொடுத்துவிடுங்கள்.

இனி பெரிய கதைக்கு வருகிறேன். இதில் சர்வரின் ஹீப்தான் நிறைந்தது, ஆனால் வேர் கிளையன்டில் இருந்தது.

பல சேவைகளில் ஜாவா டிரைவரின் 3-ஆம் வரிசையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அதற்குக் குவாவா லைப்ரரி 16.0.1-க்குக் குறையாமல் வேண்டும். எங்கள் அனலிட்டிக்ஸ் சேவையில் பழைய ஹடூப் லைப்ரரி ஒன்று குவாவா 11-ஐ இழுத்துக்கொண்டு வரும். ஜாவா லைப்ரரி தேடும் கிளாஸ்பாத்தில் எது முன்னால் நிற்கிறதோ அது ஜெயிக்கும், மற்றது தொடங்கும்போதே விழும். டிரைவரின் 4-ஆம் வரிசை குவாவாவைத் தனக்குள்ளேயே பெயர் மாற்றி வைத்துக்கொண்டிருப்பதால் இந்தச் சண்டை அதில் இல்லை. மாறிவிடலாம் என்று முடிவானது.

மாறுவதற்கு உழைப்பு உண்டு. பேக்கேஜ் பெயர்கள் வேறு. 'கிளஸ்டர்' என்ற கிளாஸே போய்விட்டது, எல்லாம் ஒரே 'செஷன்'. எந்த டேட்டாசென்டர் உள்ளூர் என்று கட்டாயம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எழவே எழாது. இவையெல்லாம் கம்பைல் செய்யும்போதோ தொடங்கும்போதோ கத்திவிடுபவை, அதனால் ஆபத்தில்லை. ஆபத்து எல்லாம் கத்தாத மாற்றங்களில் இருந்தது. 3-இல் கிளையன்ட் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 12 விநாடி. 4-இல் அது 2 விநாடி.

சர்வர் பக்கம் ஒரு ரீடுக்கு இயல்பாகக் கொடுக்கப்படும் நேரம் 5 விநாடி. பழைய டிரைவரில் கிளையன்ட் 12 விநாடி காத்திருந்ததால் முடியாது என்று முதலில் சொல்வது எப்போதும் சர்வர்தான். புதிய டிரைவரில் கிளையன்ட் 2 விநாடியில் எழுந்து போய்விடுகிறது. சர்வருக்கு அது தெரியாது, மிச்ச நேரமும் உழைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் சேவையில் தோல்வி என்றால் மறுபடி முயலும் அடுக்கு ஒன்று டிரைவருக்கு மேலே தனியாக இருந்தது. ஓட்டலில் தோசை சொல்லிவிட்டு, வரவில்லையே என்று எழுந்து அடுத்த டேபிளில் உட்கார்ந்து மறுபடி அதே தோசையைச் சொல்வது மாதிரி. உள்ளே மாஸ்டர் எல்லாத் தோசையையும் ஊற்றிக்கொண்டுதான் இருப்பார்.

வெளியே தெரிந்தது என்னவோ வேறு. அப்ளிகேஷன் லாகில் 'பிடி2எஸ்' கழித்து டைம்அவுட் ஆனது என்று வரிகள். 2 விநாடி என்பதை ஜாவா அப்படித்தான் எழுதும். கூடவே நோடுகளுக்கான கனெக்‌ஷன்கள் அறுந்து அறுந்து ஒட்டின. நெட்வொர்க் டீம் மீது பழி போனது, அவர்களும் பாவம் ஸ்விட்ச் ஸ்விட்சாகப் பார்த்தார்கள். காரணம் டிரைவருக்குள்ளேயே இருந்தது. கிளையன்ட் கைவிட்ட கேள்விக்குப் பதில் எப்போதாவது வரலாம் என்பதால் அதன் எண்ணை டிரைவர் உடனே மறுபயன்பாட்டுக்கு விடாது, அநாதைக் கணக்கில் வைத்திருக்கும். ஒரு கனெக்‌ஷனில் இந்த அநாதைகள் 256-ஐத் தாண்டினால் அந்தக் கனெக்‌ஷனையே மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும். நெட்வொர்க்கில் ஒரு பழுதும் இல்லை.

சர்வரில் த்ரெட்களின் நிலையைக் காட்டும் நோட்டூல் டிபிஸ்டாட்ஸ் ஓட்டிப் பார்த்தால், படிக்கும் வேலைகள் நடக்கும் ரீட் ஸ்டேஜில் ஆக்டிவ் 32, பெண்டிங் ஆயிரக்கணக்கில். 32 என்பது ஒரே சமயத்தில் படிக்கும் த்ரெட்களின் இயல்பான எண்ணிக்கை. அது 32-இலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் எல்லாக் கையும் வேலையில் மாட்டியிருக்கிறது என்று பொருள். சிஸ்டம் லாகில் ஜிசி இன்ஸ்பெக்டர் வரிகள் அடுக்கடுக்காக. ஜிசி என்பது தேவையற்ற பொருள்களை ஹீப்பிலிருந்து ஜாவா துடைக்கும் வேலை. 200 மில்லிவிநாடியைத் தாண்டிய ஜிசியைக் கசாண்ட்ரா அங்கே குறித்துவைக்கும், 1 விநாடியைத் தாண்டினால் எச்சரிக்கையாகவே எழுதும். எங்களுக்கு எச்சரிக்கைகள்தான் வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஹீப் நிறைந்து ஒரு நோட் விழுந்தது, அதன் பாரம் பக்கத்து நோடுகளுக்குப் போனது, அவையும் திணறின.

டம்ப்பை எக்லிப்ஸ் மேட் (MAT) என்ற, ஹீப் டம்ப்பை அலசும் டூலில் திறந்தோம். 8 ஜிபி டம்ப்பைத் திறக்கும்போது மேட்டே மெமரி போதாமல் விழுந்தது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதன் ஐஎன்ஐ கோப்பில் இயல்பாக 1 ஜிபிதான் கொடுத்திருப்பார்கள், கூட்டிக்கொள்ள வேண்டும். திறந்ததும் டாமினேட்டர் ட்ரீயை விட த்ரெட் வாரியான பார்வைதான் எங்களுக்கு உதவியது. ஒவ்வொரு ரீட் த்ரெட்டும் எவ்வளவு மெமரியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று அது காட்டும். பெரிதாகப் பிடித்திருந்த த்ரெட்களுக்குள் போய் எந்த வரிகள் ஒன்றாகச் சேமிக்கப்படும் என்று தீர்மானிக்கும் பார்டிஷன் கீயைப் பார்த்தோம். ஒரே வண்டி எண் மூன்று த்ரெட்டில் இருந்தது. இன்னொரு வண்டி எண் வேறு மூன்றில். மறுமுயற்சி அடுக்கு மொத்தம் மூன்று முறை முயலும்படி அமைக்கப்பட்டிருந்தது. அங்கேயே விஷயம் பிடிபட்டுவிட்டது.

ஏன் ஒரு குவெரி 2 விநாடிக்கு மேல் எடுத்தது என்பது அடுத்த கேள்வி. டேபிளின் பார்டிஷன் கீ வண்டி எண் மட்டும்தான். 10 விநாடிக்கு ஒரு வரி என்றால் நாளைக்கு 8,640, ஆண்டுக்கு 31 லட்சத்துக்கும் மேல். ஒரு வரி 200 பைட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரே பார்டிஷன் 600 எம்பியைத் தாண்டும். 100 எம்பியைத் தாண்டும் பார்டிஷனை, கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கும் கம்பாக்‌ஷன் நேரத்தில் பார்த்தாலே கசாண்ட்ரா லாகில் எச்சரிக்கும். எங்கள் லாகிலும் அந்த வரி தினமும் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல், மாத ரிப்போர்ட் எடுக்கும் சேவை 'வேகமாக இருக்கும்' என்று பக்க அளவை, அதாவது ஒரே தடவையில் வாங்கும் வரிகளை, 50,000 ஆக ஏற்றி வைத்திருந்தது. டிரைவரின் இயல்பான அளவு 5,000. ஒரு பக்கம் முழுவதும் தயாராகும் வரை சர்வரின் ஹீப்பில் உட்கார்ந்திருக்கும், அப்புறம் கிளையன்டின் ஹீப்பிலும் அதே சுமை. பக்க அளவைக் கூட்டி வேகம் வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன், நோட் திணறியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செய்தவை எளிமையானவை. டிரைவர் 4-இல் எக்ஸிகியூஷன் புரொஃபைல் என்று ஒரு நல்ல வசதி உண்டு, குவெரி வகைக்கு ஏற்பத் தனி அமைப்பு வைக்கலாம். நேரலை வரைபடத்துக்கு ஒரு புரொஃபைல், 2 விநாடி. ரிப்போர்ட்டுக்கு இன்னொன்று, சர்வரின் 5 விநாடியைவிடச் சற்றுக் கூடுதலாக 6 விநாடி. ரிப்போர்ட் பக்கம் மறுமுயற்சி அடுக்கை எடுத்துவிட்டோம். பார்டிஷன் கீயை வண்டி எண்ணும் தேதியும் சேர்ந்ததாக மாற்றிப் புதிய டேபிள் போட்டோம். மூன்றில் உடனே பலன் தந்தது டைம்அவுட் மாற்றம்தான். டேபிளை மாற்றுவதற்கு முன்பே ரீட் ஸ்டேஜ் இறங்கிவிட்டது.

புதிய டேபிள் வேறொரு வேடிக்கையைக் கொண்டுவந்தது. போகிற போக்கில் சென்சார் நெடுவரிசைகளையும் அதில் சேர்த்திருந்தோம்: எரிபொருள் அளவு, குளிர்பெட்டி வெப்பநிலை, கதவு, டயர் அழுத்தம் என்று ஒரு டஜன். பெரும்பாலான வண்டிகளில் இந்தச் சென்சார் எதுவும் கிடையாது. சேவை அந்த இடங்களில் நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) வைத்து எழுதியது. ரிலேஷனல் டேட்டாபேஸில் பழகியவருக்கு நல் என்றால் ஒன்றுமில்லை. கசாண்ட்ராவில் அப்படியில்லை, நல் எழுதுவது என்றால் அந்தக் கட்டத்தை அழிப்பது. ஒவ்வொரு நல்லும் ஒரு டூம்ஸ்டோன், அதாவது 'அழிக்கப்பட்டது' என்ற குறி.

கணக்கைப் பாருங்கள். ஒரு வண்டியின் ஒரு நாள் 8,640 வரி, வரிக்கு 12 நல், மொத்தம் 1,03,680 டூம்ஸ்டோன். ஒரு குவெரியில் 1,000-ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 1,00,000-ஐத் தாண்டினால் குவெரியையே நிறுத்திவிடுவது கசாண்ட்ராவின் இயல்பான அமைப்பு. இந்த எண்ணிக்கை பக்கத்துக்குப் பக்கம் புதிதாகத் தொடங்கும் என்பதால், 5,000 வரிப் பக்கத்தில் படிக்கும் சேவைகளுக்கு 60,000 டூம்ஸ்டோனோடு எச்சரிக்கை மட்டும் வந்தது. 50,000 வரிப் பக்கத்தில் படிக்கும் அந்த ரிப்போர்ட் சேவைக்கு மட்டும் ரீட் ஃபெயிலியர். அதே டேபிள், அதே நாள், ஒருவருக்கு ஓடுகிறது, ஒருவருக்கு ஓடவில்லை. கிளையன்டுக்கு வரும் பிழையில் காரணம் தெளிவாக இருக்காது, நோடின் லாகில் எழுதியிருக்கும்.

வரம்பைக் கூட்டலாம் என்ற யோசனை உடனே வந்தது. அந்த வரம்பு ஹீப்பைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, தொட வேண்டாம் என்பது என் கட்சி. நாங்கள் மாற்றியது எழுதும் பக்கத்தை. கசாண்ட்ரா 2.2-உடன் வந்த புரோட்டோகால் 4-இலிருந்து, பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் மதிப்பு இல்லாத இடத்தைத் தொடாமலே விட்டுவிடலாம். 'அன்செட்' என்று போகும், டூம்ஸ்டோன் பிறக்காது. நல் என்று வெளிப்படையாக வைத்தால்தான் பிறக்கும். ஜாவா பொருள்களை டேபிளோடு இணைக்கும் மேப்பர் பயன்படுத்துபவர்கள் அதில் நல்லைச் சேமிக்க வேண்டுமா வேண்டாமா என்ற அமைப்பைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே எழுதியவை போக நாள் ஆகும். டூம்ஸ்டோனைக் குறைந்தது 10 நாள் வைத்திருப்பதுதான் டேபிளின் இயல்பான அமைப்பு, அதற்குப் பிறகு கம்பாக்‌ஷன் வந்து துடைக்க வேண்டும். அதுவரை ரிப்போர்ட் சேவையின் பக்க அளவை 5,000-க்கு இறக்கி ஓட்டினோம்.

பெயர் மெமரி, பிரச்சினை வேறு என்ற வகையும் உண்டு. 'அவுட் ஆஃப் மெமரி எரர்' என்ற சொற்களுக்குப் பின்னால் 'மேப் ஃபெயில்டு' என்று இருந்தால் ரேமைப் பார்க்காதீர்கள். கசாண்ட்ரா தன் கோப்புகளை மெமரி மேப் செய்து படிக்கும். ஒரு புராசஸ் எத்தனை மேப் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு லினக்ஸின் வழக்கமான வரம்பு 65,530. கோப்புகள் பெருகினால் அது தீர்ந்துவிடும். கசாண்ட்ராவுக்குப் பரிந்துரைக்கப்படுவது 10,48,575. புராக் (/proc) அடைவில் அந்த புராசஸின் மேப்ஸ் கோப்பில் எத்தனை வரி என்று எண்ணினால் போதும், ஒரு நிமிட வேலை.

அதே பிழைக்குப் பின்னால் நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை என்று இருந்தாலும் இதே கதை. எங்களுக்கு அது வந்தது ஒரு ரிப்போர்ட் ஏபிஐயில். ஒவ்வொரு ஹெச்டிடிபி ரிக்வெஸ்டுக்கும் புதிய செஷன் திறந்து, மூடாமல் விட்டிருந்தார்கள். செஷன் என்பது சின்ன விஷயம் இல்லை. இயல்பான அமைப்பில் சிபியு கோருக்கு இரண்டு வீதம் நெட்டி (டிரைவர் பயன்படுத்தும் நெட்வொர்க் லைப்ரரி) த்ரெட்கள், நிர்வாகத்துக்கு 2, டைமருக்கு ஒன்று. 8 கோர் மெஷினில் ஒரு செஷனுக்கு 19 வரை போகும். ஒவ்வொரு நோடுக்கும் குறைந்தது ஒரு கனெக்‌ஷன் வேறு. லாகில் 'ஹேஷ்டு வீல் டைமர்' அதிகமாக உருவாக்குகிறீர்கள் என்று நெட்டி புலம்பியிருந்தது, அந்தப் பெயரைப் பார்த்து யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. அந்த வரி வந்தால் செஷன் பெருகுகிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். சர்வர் பக்கத்திலிருந்தும் பிடிக்கலாம்: 9042 போர்ட்டில் இருக்கும் கனெக்‌ஷன்களை எஸ்எஸ் கமாண்டில் எடுத்து ஐபி வாரியாக எண்ணினால் ஒரே ஐபி நூற்றுக்கணக்கில் நிற்கும். அப்ளிகேஷனுக்கு ஒரு செஷன், அது சாகும்வரை அதே செஷன்.

பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததை அனுப்பும் அசிங்க் எழுதுதல் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஜிபிஎஸ் கோப்புகளை ஏற்றும் டூல் ஒன்று வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் அசிங்க் எக்ஸிகியூட்டைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும். கோப்பைப் படிக்கும் வேகம் கிளஸ்டர் எழுதும் வேகத்தைவிடப் பல மடங்கு. மிச்சமெல்லாம் பதிலுக்குக் காத்திருக்கும் பொருள்களாகக் கிளையன்ட் ஹீப்பில் சேரும். டிரைவர் 3-இல் கனெக்‌ஷன் கிடைக்காமல் வரிசையில் நிற்பவை 256-ஐத் தாண்டினால் 'பூல் பிஸி' என்று திருப்பி அனுப்பும். அந்த 256-ஐ யாரோ 1,00,000 ஆக்கி 'சரிசெய்திருந்தார்கள்'. பிழை போய்விட்டது, அதற்குப் பதில் டூல் செத்தது. செமஃபோர் ஒன்று வைத்து, ஒரே சமயத்தில் வெளியே இருக்கும் எழுத்துகள் 200-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டதும் அடங்கியது. மொத்த நேரமும் ஒன்றும் கூடவில்லை. டிரைவர் 4-இல் இதற்கென்றே த்ராட்லர் இருக்கிறது, அமைப்புக் கோப்பிலேயே போடலாம்.

நேட்டிவ் லைப்ரரி தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஷனுக்கு ஸ்நாப்பி போட்டால் அது தன் எஸ்ஓ கோப்பை டெம்ப் அடைவில் விரித்து ஏற்றும். பாதுகாப்பு டீம் டெம்ப்பை நோஎக்ஸெக் ஆக மவுண்ட் செய்திருந்தால் ஏறாது. பிழையில் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வரும், கோப்பு அனுமதியைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். ஆல்பைன் இமேஜில் கிளிப்சி (glibc, லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரி) இல்லாததால் வேறு விதமாக விழும். பைத்தான் 3.12-இல் அசிங்க்கோர் என்ற நெட்வொர்க் மாட்யூல் நீக்கப்பட்டதால் அதை நம்பியிருந்த கசாண்ட்ரா டிரைவர் இம்போர்ட்டிலேயே நின்றுவிடும். அதற்கு மாற்றான லிப்ஈவ் மேம்பாட்டுத் தொகுப்பை முதலில் நிறுவிவிட்டு அப்புறம் டிரைவரை நிறுவினால் சரியாகும். பைத்தான் சேவைகளை ஓட்டும் செலரி, யுடபிள்யூஎஸ்ஜிஐ போன்றவை ஃபோர்க் செய்பவை, அதாவது தாய் புராசஸை நகலெடுத்துக் குழந்தைகளை உருவாக்குபவை. செஷனைத் தாய் புராசஸில் திறந்துவிட்டு ஃபோர்க் செய்தால் குழந்தைகள் எந்தப் பிழையும் காட்டாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். ஃபோர்க் ஆன பிறகு திறக்க வேண்டும்.

இன்னும் முழுதாக முடியாத ஒன்று இருக்கிறது. எங்கள் ஜாவா சேவை ஒன்று, ஹீப் 1 ஜிபி, கன்டெய்னர் வரம்பு 2 ஜிபி. ஹீப் வரைபடம் அமைதியாக ரம்பப் பல்லாக ஏறி இறங்கும், ஆனால் ஆர்எஸ்எஸ் (புராசஸ் பிடித்திருக்கும் மொத்த நிஜ மெமரி) மட்டும் மெல்ல ஏறி 137-இல் முடியும். டிரைவர் நெட்டி வழியாகப் பேசுகிறது, நெட்டி தன் பஃபர்களை ஹீப்புக்கு வெளியே வைக்கிறது. அந்த வெளி மெமரிக்கு வரம்பு சொல்லாவிட்டால் ஹீப் அளவே வரம்பு. 1 ஜிபி ஹீப், 1 ஜிபி வரை டைரக்ட், மேலே மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டேக். 2 ஜிபிக்குள் இது அடங்காது என்பது கூட்டினாலே தெரிகிறது. டைரக்ட் மெமரிக்கு 256 எம்பி வரம்பு போட்டோம். ஏற்றம் குறைந்தது, நிற்கவில்லை.

நேட்டிவ் மெமரி டிராக்கிங்கைப் போட்டு ஜேசிஎம்டியில் பார்த்தால் ஜேவிஎம் சொல்லும் மொத்தத்துக்கும் ஆர்எஸ்எஸ்ஸுக்கும் இடையே பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கிளிப்சியின் மெமரி அரீனாக்கள் (த்ரெட்களுக்கு மெமரி ஒதுக்கும் தொகுதிகள்). 64 பிட்டில் ஒவ்வொன்றுக்கும் 64 எம்பி முகவரி இடம், கோருக்கு 8 வரை உருவாகலாம். த்ரெட்கள் அதிகமுள்ள ஜாவா சேவையில் இது பரவிக்கொண்டே போகும். அரீனா உச்சவரம்பை 2 என்று சூழல் மாறியில் கொடுத்தபின் ஆர்எஸ்எஸ் ஓரளவு தட்டையானது. கசாண்ட்ரா சர்வரின் தொடக்க ஸ்கிரிப்ட் மெஷினில் ஜெமலாக் (கிளிப்சிக்குப் பதிலாக மெமரி ஒதுக்கும் லைப்ரரி) இருந்தால் அதைத் தானே ஏற்றிக்கொள்ளும். நம் அப்ளிகேஷனுக்கு அப்படி யாரும் செய்து தருவதில்லை. அதனால் ஒரு சேவையை மட்டும் ஜெமலாக்கோடு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மற்றவை அடுத்த ரிலீஸில். அந்த அரீனா வரம்பு ஆல்பைன் இமேஜில் ஒன்றும் செய்யாது, அங்கே கிளிப்சியே கிடையாது. அப்படியும் அதைப் போட்டு வைத்திருக்கும் யாமல் கோப்புகள் எங்களிடம் சில இன்னும் இருக்கின்றன.